ஊதாக் கட்டம்

சிறுநீரகக் கட்டியை எடுத்த இடத்தில் கதிர்வீச்சு கொடுப்பதற்காக, வேலூர் ஆஸ்பத்திரியில் எப்சியின் விலாவில் ஊதா மையால் கட்டம் போட்டிருந்தார்கள். சிகிச்சை முடியும்வரை அதில் தண்ணீர் படக் கூடாது. எலியாஸ்தான் மகளை ஈரத்துணியால், கோட்டைத் தொடாமல் சுற்றிலும் துடைத்துவிடுவான்.

அவனுக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் பார்க்கிற வேலை. பழுதான இடத்தை வெள்ளிப் பேனாவால் வட்டமிட்டுக் கொடுத்தால், வெட்டுகிறவர்கள் அதை ஒதுக்கிவிடுவார்கள்.

"என்னையும் வெட்டி ஷூ பண்ணுவாங்களாப்பா?" என்று சிரித்தாள் எப்சி.

"கோட்டுக்குள்ள இருக்கறத யாரும் வெட்ட மாட்டாங்க, கண்ணு."

சிகிச்சை முடிவதற்குள் எப்சி இறந்துவிட்டாள். அடக்கத்துக்கு முன் குளிப்பாட்டும்போது மனைவி கிரேஸி எலியாஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோடு அழிஞ்சா ஆஸ்பத்திரியில கரண்ட் வைக்கிறவங்க திட்டுவாங்க."

"இனிமே எதுக்கு அது," என்று எலியாஸே சோப்புப் போட்டுத் தேய்த்து எடுத்தான்.

அடுத்த வாரம் வேலைக்குப் போனான். மேஜையில் விரித்த முதல் தோலில் ஊதாக் கட்டம் இருந்தது.

"யார்ரா இத போட்டது?" என்று தோல் வெட்டுகிற கோபியைக் கேட்டான்.

"நம்மகிட்ட ஊதா மை ஏதுண்ணா? தொடச்சிட்டுக் குடு."

எலியாஸ் துணியை நனைத்துக்கொண்டு வந்தான். கையை வைத்துப் பார்த்தான். தோல் சில்லென்றிருந்தது. கோட்டுக்குள் மட்டும் உடம்புச் சூடு இருந்தது.

"இன்னாண்ணா, ஆச்சா?" என்று கோபி கை நீட்டினான்.

"இரு."

எலியாஸ் துணியை நன்றாகப் பிழிந்தான். கோட்டைத் தொடாமல் சுற்றிலும் துடைக்க ஆரம்பித்தான்.