கட்டில் பக்கத்து ஜன்னல்

ஜன்னலோடு சேர்த்துத் தொழிற்சாலையிலேயே வார்த்த கான்கிரீட் சுவர், கட்டிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரியின் நான்காவது மாடி உயரத்தில் கிரேன் கொக்கியில் தொங்கியது. நோயாளியின் கட்டில் பக்கம் வரவேண்டிய ஜன்னல் கழிப்பறைப் பக்கம் இருந்தது. கீழே நின்ற ஆர்க்கிடெக்ட் சுகிர்தா அண்ணாந்து அதையே பார்த்தாள்.

“அறுபது சுவரும் இப்படித்தானாய்யா? பிளான் படம் பாக்கத் தெரியாதா?” ஆஸ்பத்திரி முதலாளி தொழிற்சாலை மேஸ்திரி லூர்துசாமியை அடிக்காத குறையாகக் கத்தினார்.

வார்ப்பதற்கு முன்பு லூர்துசாமி அவள் அலுவலகத்துக்கே வந்து கேட்டிருந்தார். “மேடம், இது உள்ளேர்ந்து பாக்கிற படமா, வெளியிலேர்ந்தா? மாத்திப் பாத்தா இடது வலதாயிடும்.” உள்ளேயிருந்து வரைந்ததை மறந்து, எரிச்சலோடு படத்திலேயே ‘வெளியிலிருந்து’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தாள்.

“நாங்க சரியாத்தான் சார் குடுத்தோம்.” இப்போது முதலாளியிடம் சொன்ன தன் குரலைக் கேட்டு அவளுக்கே உடம்பு கூசியது.

லூர்துசாமி கையிலிருந்த படத்தைப் பிரித்தார். அவளை ஒரு தடவை பார்த்தார். பிறகு அவள் கையெழுத்து உள்ளே போகும்படி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“நான்தான் சார் சரியா பாக்கல.”

மேலே, காற்றில் சுவர் மெல்லத் திரும்பியது. ஒரு கணம் ஜன்னல் கட்டில் பக்கம் வந்து நின்றது. அது பழையபடி திரும்புவதற்குள் அவள் சொல்லியிருக்கலாம்.