நான்கு பள்ளங்கள்

மதிய வெயில் அச்சகக் கணினித் திரையில் விழாமலிருக்க ஜன்னலை அட்டையால் மறைத்துக்கொண்டு, அவள் தேவாங்கின் படத்தைப் பெரிதாக்குகிறாள். கடத்தல்காரன் விற்பதற்காக எடுத்த படம்; கழுத்தைப் பிடித்திருக்கும் அவன் கையும் தெரிகிறது. கடத்தலுக்கு எதிரான சுவரொட்டிக்கு அந்தக் கை வேண்டாமாம். விரல் விரலாக அழித்து, பக்கத்து ரோமத்தை எடுத்து ஒட்டுகிறாள். கை போய்விட்டது, அது அமுக்கிய நான்கு பள்ளங்கள் மட்டும் போகவில்லை. பின்னால் வந்து நிற்கும் முதலாளி, "அதையும் நிரப்பிடும்மா, பாக்க லட்சணமா இருக்கட்டும்" என்கிறார். "நிரப்பிட்டா யாருமே அதைத் தொடலைன்னு ஆயிடும் சார்." "எங்க, பார்ப்போம்" என்று அவர் திரையில் கை வைக்கிறார். நான்கு விரல்களும் அளவெடுத்தாற்போல் பள்ளங்களில் பொருந்துகின்றன. உருண்டைக் கண்கள் அவரையே பார்க்கின்றன. "அப்படியே அச்சுக்கு அனுப்பிடு" என்கிறார்; வெடுக்கென்று இழுத்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருக்கிறார்.