ஐஸ் வேகனுக்கு விழுந்த கறை

மேசைமேல் ஒரு பொம்மை ரயில் ஊர். அங்கே மீன் ஏற்றும் ஐஸ் வேகனுக்கு ஒரே கவலை. நிஜ வேகனின் போட்டோவோடு அச்சு அசலாய் ஒத்துப்போனால்தான் தண்டவாளம் ஏறலாம். ஒரு ஆணி பிசகினாலும் அட்டைப்பெட்டிக்குள் கிடக்க வேண்டியதுதான்.

“பல்லியக்கா, என்கிட்ட எதாவது குறை தெரியுதா?”

கூரையில் ஒட்டியிருந்த பல்லி எட்டிப் பார்த்தது. “மாப்பிள்ளை கணக்கா இருக்கியே தம்பி!” என்றது. சொன்ன கையோடு வேகனின் முதுகில் சொத்தென்று எச்சம் போட்டுவிட்டது.

“ஐயோ, என் பிழைப்புல மண்ணைப் போட்டீங்களே அக்கா!”

அதற்குள் முதலாளி அருளப்பர் பூதக்கண்ணாடியோடு வந்துவிட்டார். வேகனைப் பார்த்தார், போட்டோவைப் பார்த்தார். போட்டோவிலிருந்த நிஜ வேகனிலும் அதே இடத்தில், ஐஸ் கொட்டும் மூடியோரம் உப்புத்தண்ணீர் வழிந்து வெள்ளைக் கறை படிந்திருந்தது.

“அடடா, உப்புக்கறைகூடத் தப்பலையே!” என்று கொஞ்சி, முதல் வண்டியாய்த் தண்டவாளத்தில் ஏற்றினார்.

மறுநாள் பல்லி கண்விழித்தால், மற்ற வண்டிகளெல்லாம் அதற்கு நேர்கீழே முண்டியடித்து நிற்கின்றன.

“அக்கா, எனக்கும் கொஞ்சம்!” என்று கெஞ்சியது எண்ணெய் டேங்கர்.

தண்டவாளத்திலிருந்து ஐஸ் வேகன் அதட்டியது. “தள்ளாதீங்கடா! அவனவன் போட்டோவுல கறை எங்க இருக்குன்னு முதல்ல பார்த்துட்டு வாங்க. அக்கா குறி பார்க்க வேணாமா?”