அறமானியின் முள்

அறமானியின் முள் நாற்பதைத் தாண்டினால் அருளப்பனுக்குச் சீர்திருத்த இல்லம், தாண்டாவிட்டால் வீடு. சரி தவறு புரியாதவரைத் தண்டிப்பதில்லை என்பது சட்டம். ஒருவரின் அறவுணர்வை அளக்கும் அந்த நீதிமன்றக் கருவி நீட்டி நீட்டிக் கேட்ட கேள்விகள், அறிவு வளர்ச்சி குன்றிய அவனுக்குப் பிடிபடவில்லை. முள் இருபதிலேயே நின்றது. அக்கா எஸ்தருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கருவியை அணைப்பதற்குள் அருளப்பன் எழுந்து, தன்னைக் கேலி செய்ததற்காக அவன் கல்லெறிந்த பேக்கரிக்காரர் முன் போய் நின்றான். அவர் நெற்றியில் தையல் போட்டிருந்தது.

"வலிக்கா அண்ணாச்சி?"

முள் ஏறியது.

"வாய மூடுல, மெஷின் கேக்கு!" என்று எஸ்தர் பல்லைக் கடித்தாள்.

"நான்தானக்கா எறிஞ்சேன். தப்புன்னு தெரிஞ்சுதான் எறிஞ்சேன்."

பேக்கரிக்காரரே பதறிவிட்டார். "எனக்கு ஒண்ணும் வலிக்கல. வீட்டுக்குப் போடே, கோட்டிக்காரப் பயலே!"

"தையல் போட்டிருக்கே, வலிக்கும். மன்னிச்சிருங்க அண்ணாச்சி."

முள் நாற்பதை நெருங்கியது. அவன் வாயைப் பொத்த நீண்ட எஸ்தரின் கை பாதியில் நின்றது. தப்பிக்க வழி திறந்திருந்தும் போகாமல் நிற்கும் ஒருவனை அவள் இதுவரை பார்த்ததில்லை. கையை இறக்கி அவன் தோளில் வைத்தாள்.

"சொல்லு தம்பி, முழுசாச் சொல்லிரு" என்றாள்.