ஏழாம் எண் வடிதாள்

பேருந்துப் பணிமனைத் தொழிலாளர்கள் சுவாசிக்கும் புகையை அளக்க ஒரு வாரம் மாட்டி வைத்திருந்த வடிதாள்கள் ஆய்வுக்கூட மேசையில் வரிசையாகக் கிடந்தன. எல்லாம் சாம்பல் நிறம். ஏழாம் எண் மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது.

"இந்த ஆளு புகைக்குழாய்க்குள்ளயே குடியிருக்காரு போல, மேடம்" என்றான் உதவியாளன்.

ஆய்வாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டெஸ்ட்ல என்ன வந்துச்சு?"

"டீசல் புகையில நாம தேடுற அந்த நைட்ரோ சமாச்சாரம்தான். மத்தவங்களை விட நாலு மடங்கு."

சிரிப்பு நின்றது. உடம்புக்குள் போனால் மரபணுவிலேயே ஒட்டிக்கொண்டு புற்றுநோய்க்கு வழி பண்ணும் சரக்கு அது.

"யாருன்னு பாத்து, முதல்ல அவரை வேற வேலைக்கு மாத்தச் சொல்லணும். வீட்ல புள்ளகுட்டி இருக்கும், பாவம்."

சோதனை முடியும்வரை எந்த எண் யாருடையது என்று சோதிப்பவருக்குத் தெரியக்கூடாது. அலுவலகம் ஒட்டி அனுப்பியிருந்த உறையை இப்போதுதான் கிழித்தார். பட்டியலில் இறங்கிய விரல் ஏழில் நின்றது. எதிரே ஆள் பெயர் இல்லை.

'ஒப்பிட்டுப் பார்க்க, சுத்தமான இடம்: ஆய்வாளர் வீடு, குழந்தையின் தொட்டில்.'

"யாரு மேடம்?"

அவர் வீட்டுக்கு போன் போட்டார். கணவர் கிசுகிசுத்தார்.

"மெதுவாப் பேசு. பாப்பா இப்பதான் கண்ணசந்தா. வழக்கம்போல கரண்ட் போச்சு, ஜன்னலுக்குக் கீழ டீசல் ஜெனரேட்டர் ஓடுது. அந்தச் சத்தம் கேட்டாத்தான் அவளுக்குத் தூக்கமே வருது."

போனுக்குள் அது தடதடத்துக்கொண்டிருந்தது.

"வேர்க்குமேன்னு ஜன்னலை நல்லாத் தெறந்து விட்டிருக்கேன்."