ஒன்பதாவது கதவு
இங்கிலாந்தின் செவர்ன் ஆற்றங்கரைப் பாதையில் வெயில் சாய்ந்துகொண்டிருக்கிறது. மாடு புகாமல் ஆள் மட்டும் ஒருவர் பின் ஒருவராகப் போகும்படி வேலிக்கு வேலி சின்னக் கதவு வைத்திருக்கிறார்கள். முதலில் கடப்பவர், பின்னால் வருபவரிடம் ஒரு முத்தம் வாங்கிக்கொண்டுதான் வழிவிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். இன்றைக்கு எட்டுக் கதவுகளை ஹேஸல் திரும்பிப் பாராமல் கடந்துவிட்டாள். "முட்டி போச்சு, வருஷா வருஷம் இந்த நடையெல்லாம் இதோட போதும்" என்று புருஷன் நார்மன் காலையில் முட்டையை உடைத்துக்கொண்டே சொன்னதுதான் காரணம். ஒன்பதாவது கதவைத் தாண்டியவள் அங்கேயே நிற்கிறாள். ஆறு சத்தமில்லாமல் போகிறது. அவருடைய கைத்தடி சேற்றில் புதைந்து புதைந்து மீளும் ஓசை மெதுவாக நெருங்குகிறது. அவர் கிட்டே வந்ததும் கதவை இடுப்பால் அழுத்திச் சாத்துகிறாள். "வழிய விடு, ஹேஸல்." "அடுத்த வருஷமும் வர்றேன்னு சொல்லு." "பாதி தூரந்தான் நடப்பேன்." "பாதியிலயும் கதவு இருக்கு." நார்மன் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கதவுக்கு மேலாகக் குனிகிறார். அவருடைய மூக்கு நுனி சில்லென்று அவள் கன்னத்தில் படுகிறது. அவர் முதுகுக்குப் பின்னால் நாலைந்து பசுக்கள் வந்து, அடுத்தது தாங்கள்தான் என்பதுபோல வரிசையாக நிற்கின்றன.