கல்யாணத்துக்குப் போகும் வழியில்

பொழிச்சலூர் வளைவில், குறுக்கே வந்த எருமைக்கு ஒதுங்கப் போய் மணலில் சாய்ந்த மோட்டார் சைக்கிளை நிமிர்த்தி, சாலமோன் உதைத்துக்கொண்டே இருக்கிறான். அது கிளம்புவதாக இல்லை. முழங்கைச் சிராய்ப்பில் காலை வெயில் எரிகிறது. தாம்பரம் சர்ச்சில் அவன் மனைவி பியூலாவின் தங்கைக்குக் கல்யாணம். மணி அடிக்கும் நேரம் நெருங்குகிறது. "இன்னா சார், அத்தப் போட்டு ஒதச்சிகினே கீற?" என்கிறாள் எருமைக்காரி. பட்டுச் சேலையை இடுக்கிக்கொண்டு குனிந்த பியூலா, "இங்க பாருங்க, பிளக் ஒயர் கழண்டு தொங்குது" என்று அதைப் பிடித்து அழுத்திச் செருகுகிறாள். அடுத்த உதையில் வண்டி புகையைக் கக்கிப் படபடக்கிறது. எருமை தலையைத் தூக்கிப் பார்க்க, மூவரும் சிரிக்கிறார்கள். பின்னால் ஏறி அவன் தோளைப் பற்றியவள் பதறுகிறாள். "ஐயோ, என் கையெல்லாம் கிரீஸ்! உங்க வெள்ளைச் சட்டை!" "கறையும் போட்டோவுல விழட்டும், கெட்டியாப் பிடிச்சுக்கோ" என்று அவன் கியரைப் போடுகிறான்.